பாம்பு விஷமும் புரதங்களின் தொடுகையும்: கிளிவெட்டி வயல்களிலிருந்து எழும் கேள்வி

திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு செல்லும் வீதியில், மூதூரை அண்டி அமைந்துள்ள கிளிவெட்டி, நெற்செய்கையை நம்பி வாழும் கிராமமாகும். அதனைச் சூழவுள்ள மேன்காமம், தோப்பூர், சேருவில ஆகிய பகுதிகளிலும் வயலே வாழ்வின் ஆதாரமாக விளங்குகின்றது. அங்குள்ள தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகள் மூவருக்கும் பொதுவான இடர்கள் பல உண்டு. வெள்ளம், வரட்சி, யானை என்பவை பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகின்றது. ஆனால் இரவு வேளையில் வயலுக்குத் தண்ணீர் கட்டச் செல்பவரையும், வாடியில் தரையில் பாய் விரித்துப் படுப்பவரையும் ஓசையின்றித் தாக்கும் பாம்புக்கடி பற்றிப் பேசப்படுவது குறைவு.

இலங்கை முழுவதையும் உள்ளடக்கி நடத்தப்பட்டு 2016ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரு வருட காலத்தில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு உள்ளாவதாகவும், அவர்களுள் சுமார் 30,000 பேரின் உடலில் விஷம் ஏறுவதாகவும், 400க்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாகவும் மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டு பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 'புறக்கணிக்கப்பட்ட' என்ற சொல் இங்கே மிகப் பொருத்தமானதாகும். ஏனெனில் இந்நோய்க்கு ஆளாவோர் பெரும்பாலும் வயலில் உழைக்கும் வறியவர்களே.

இலங்கை வைத்தியசாலைகளில் பயன்படுத்தப்படும் விஷமுறிவு மருந்து நீண்டகாலமாக இந்தியாவிலிருந்தே இறக்குமதி செய்யப்பட்டு வருகின்றது. அது இந்தியப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாரிக்கப்படுவதாகும். அப்படியாயின், தமிழ்நாட்டில் பிடிபட்ட கண்ணாடி விரியனின் விஷமும், கிளிவெட்டி வரம்பில் கிடக்கும் கண்ணாடி விரியனின் விஷமும் ஒன்றுதானா? அந்த மருந்து இந்த விஷத்தை முழுமையாக முறிக்குமா? இக்கேள்விக்கான விடை, புரத மூலக்கூறுகளின் உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வாறு தொடுகின்றன என்பதில் தங்கியுள்ளது. அந்தத் தொடுகையை அளந்து ஆராயும் விஞ்ஞானம் வளர்ந்த இடங்களுள் சென்னையும் திருச்சியும் உண்டு என்பதும் நாம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

புரதத்தில் தொடுகை என்பது என்ன?

பாம்பு விஷத்தின் பெரும்பகுதி புரதங்களாலும் அவற்றைப் போன்ற சிறு சங்கிலிகளாலும் ஆனது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்களே உயிரினங்களின் புரதங்களைப் பொதுவாக ஆக்குகின்றன. சங்கிலியில் கோக்கப்பட்ட பின்னர் எஞ்சியிருக்கும் ஒவ்வோர் அலகையும் 'எச்சம்' என விஞ்ஞானிகள் அழைக்கின்றனர். அவற்றுள் சில நீரை விரும்புபவை, சில நீரை வெறுப்பவை. சில நேர் ஏற்றமும் சில மறை ஏற்றமும் கொண்டவை.

இச்சங்கிலி நீட்டிய கயிறு போல் இருப்பதில்லை. கலத்தினுள் உருவாகியதும் அது தனக்கேயுரிய வடிவில் மடிந்துகொள்கின்றது. நீண்ட கயிற்றைச் சுருட்டி வைக்கும்போது ஒரு நுனியும் அதிலிருந்து பல முழம் தள்ளியுள்ள மற்றோர் இடமும் அருகருகே வந்து தொடுவதைக் காண்கின்றோம். அதுபோலவே, சங்கிலியில் ஐந்தாவதாக உள்ள எச்சமும் ஐம்பதாவதாக உள்ள எச்சமும் மடிப்பின் காரணமாக ஒன்றையொன்று தொடலாம். நீரை வெறுப்பவை உள்ளே ஒதுங்கி ஒன்றோடொன்று நெருங்குகின்றன. எதிரெதிர் ஏற்றம் கொண்டவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. இத்தகைய நூற்றுக்கணக்கான தொடுகைகளின் கூட்டு விளைவே புரதத்தின் வடிவம். வடிவமே அதன் தொழிலைத் தீர்மானிக்கின்றது.

இரு எச்சங்கள் தொடுகின்றன என்று எப்போது கூறலாம்? இதற்கென ஆய்வாளர் ஓர் எல்லையை வகுத்துக்கொள்கின்றனர். ஒவ்வோர் எச்சத்தினதும் மையக் காபன் அணுக்களுக்கு இடையிலான தூரம் 8 அங்ஸ்ட்ரோம் அல்லது அதற்குக் குறைவாயின் அவை தொடுகையில் உள்ளதாகக் கொள்வது பரவலான வழக்கமாகும். ஓர் அங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஒரு கோடியில் ஒரு பங்கு. எக்ஸ் கதிர் மூலம் கண்டறியப்பட்ட புரதக் கட்டமைப்பில் எல்லா எச்சங்களுக்கும் இடையிலான தூரங்களைக் கணித்து, தொடும் சோடிகளைப் பட்டியலிட்டால் அப்புரதத்தின் 'தொடுகை வரைபடம்' கிடைக்கின்றது.

சென்னையில் எழுந்த ஒரு விவாதம்

இத்துறையின் வரலாற்றில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நிலையான இடமுண்டு. 1952ஆம் ஆண்டு அங்கு பௌதிகவியல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன், தோலிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கப்பட்ட கயிறு போன்றது என்பதைக் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954ஆம் ஆண்டு முன்வைத்தார். இங்கிலாந்தில் ஆய்வு செய்துவந்த பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் மூவிழைக் கருத்தை ஏற்றுக்கொண்டாலும், இராமச்சந்திரனின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன எனக் குறை கூறினர்.

இராமச்சந்திரன் அந்தக் குறையையே ஆய்வுக்குரிய கேள்வியாக மாற்றிக்கொண்டார். இரு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான பளிங்குக் கட்டமைப்புகளைத் தேடியெடுத்து, அவற்றில் அணுக்களுக்கு இடையே காணப்பட்ட மிகக் குறைந்த தூரங்களை அவரும் அவரது மாணவர்களும் தொகுத்தனர். அந்த எல்லைகளை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த எச்சங்கள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது என்று கணித்தனர். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட அந்த வரைபடம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரிலேயே வழங்குகின்றது. எந்த நாட்டு ஆய்வுகூடத்தில் ஒரு புரதத்தின் கட்டமைப்பு கண்டறியப்பட்டாலும், அது சரியானதா என்பதை அவ்வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றும் வழமையாக உள்ளது.

அதன் பின்னரும் தமிழ்நாட்டில் இவ்வாய்வு தொடர்ந்தது. எச்சம் ஒவ்வொன்றையும் சூழ்ந்திருக்கும் ஏனைய எச்சங்களைக் கணக்கிட்டு, அது எந்த அளவுக்கு நீரை வெறுக்கும் சூழலில் உள்ளது என அளக்கும் முறையைப் பி. மணவாளனும் பி. கே. பொன்னுசுவாமியும் 1978ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டனர். சங்கிலியில் 12 எச்சங்களுக்கு மேல் தள்ளியிருந்தும் வெளியில் 8 அங்ஸ்ட்ரோம் தூரத்துக்குள் வந்துவிடும் சோடிகளை எம். மைக்கேல் குரோமிகாவும், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எஸ். செல்வராஜும் தனியே பிரித்து எண்ணினர். இத்தகைய தூரத் தொடுகைகள் மிகுந்த புரதங்கள் மெதுவாக மடிகின்றன என 2001ஆம் ஆண்டு அவர்கள் காட்டினர். இதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவில் இதனையொத்த ஓர் அளவையை முன்வைத்த குழுவில் டேவிட் பேக்கர் இருந்தார். அவரது பெயர் இக்கட்டுரையில் மீண்டும் வரும்.

நாகமும் கீரியும்

இனி விஷத்துக்கு வருவோம். நாகபாம்பின் விஷத்தில் 'முவ்விரல் நச்சுகள்' எனப்படும் சிறு புரதங்கள் உள்ளன. 60 முதல் 75 வரையான எச்சங்களே கொண்ட இவற்றின் நடுப்பகுதியைக் கந்தகப் பிணைப்புகள் நான்கோ ஐந்தோ இறுகக் கட்டியிருக்க, மூன்று மடிப்புகள் விரல்கள் போல் நீண்டு நிற்கின்றன. நமது தசைகளில், நரம்பு அனுப்பும் கட்டளையைப் பெற்றுக்கொள்ளும் வாங்கிப் புரதம் ஒன்று உண்டு. நச்சின் விரல் நுனி அவ்வாங்கியின் குழிக்குள் நுழைந்து அங்குள்ள எச்சங்களைத் தொட்டு உறுதியாகப் பற்றிக்கொள்கின்றது. அதன்பின் நரம்பின் கட்டளை தசையைச் சென்றடைவதில்லை. இமைகள் சரிகின்றன. விழுங்குவது கடினமாகின்றது. இறுதியில் மூச்சு நிற்கின்றது.

இதே பாம்பின் கடியைக் கீரி தாங்கிக்கொள்வது எப்படி? கீரி ஏதோ மூலிகையில் புரண்டு விஷத்தை முறித்துக்கொள்கின்றது என்று நமது கிராமங்களில் கூறுவர். 1992ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு வேறு விடையைத் தந்தது. கீரியின் வாங்கிப் புரதத்தில், நச்சு வந்து தொடும் இடத்தில் சில எச்சங்கள் மாறியுள்ளன. அவற்றுள் ஒன்றின் மேல் சர்க்கரை மூலக்கூற்றுத் தொடர் ஒன்று ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கின்றது. விரல் நுழைய வேண்டிய குழியின் வாயிலில் ஒரு முள்வேலி போடப்பட்டது போன்ற நிலை அது. தொடுகை நிகழாத காரணத்தால் நச்சு கீரியின் தசையை முடக்குவதில்லை. ஒரு சில எச்சங்களின் வேறுபாடே உயிருக்கும் மரணத்துக்கும் இடையிலான வேறுபாடாக அமைகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மருந்தும் ஒரு தொடுகையே

விஷமுறிவு மருந்து தயாரிக்கும் முறை நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. சிறிதளவு விஷத்தைக் குதிரைக்கு ஏற்றினால் அதன் உடல் பிறபொருளெதிரிகளை உருவாக்குகின்றது. குதிரையின் இரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தால் அதுவே மருந்து. பிரெஞ்சு வைத்தியர் அல்பேர்ட் கல்மெட் 1890களில் நாகவிஷத்துக்கு எதிராக இவ்வாறு மருந்து தயாரித்தபோது, அது எல்லாப் பாம்புகளின் விஷத்துக்கும் பயன்படும் என நம்பினார். பிரேசிலில் வைத்தியர் விட்டல் பிரேசில் அதைச் சோதித்தார். தமது நாட்டுப் பாம்புகளின் விஷத்துக்கு அது பயன்தரவில்லை என்பதை அவர் கண்டார். எந்தப் பாம்பின் விஷமோ, அந்த விஷத்தைக் கொண்டே மருந்து செய்ய வேண்டும் என்ற விதி அன்றே வகுக்கப்பட்டது.

அந்த விதியின் காரணம் இன்று எச்சங்களின் அளவில் விளங்குகின்றது. பிறபொருளெதிரி ஒன்று விஷப்புரதத்தின் மேற்பரப்பில் ஏறத்தாழ 15 முதல் 20 எச்சங்களைத் தொட்டுக்கொண்டே அதைப் பற்றுகின்றது. அவற்றுள் முக்கியமான ஒன்றோ இரண்டோ மாறிவிட்டால் பிடி தளர்கின்றது. சில வேளைகளில் முற்றாக விட்டுப்போகின்றது. பூட்டின் பல் ஒன்று மாறினால் பழைய சாவி திறக்க மறுப்பதைப் போன்றதே இது.

இந்திய மருந்துக்குத் தேவையான விஷத்தின் பெரும்பகுதியை, 1978ஆம் ஆண்டு சென்னைக்கு அருகே நிறுவப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக வழங்கி வந்துள்ளது. அம்மக்களின் திறமையால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் எண்ணற்றவை. ஆயினும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கு எதிராகவே அம்மருந்து தயாரிக்கப்படுகின்றது. ஒரே இனப் பாம்பாயினும் இடத்துக்கு இடம் விஷத்தின் கலவை வேறுபடுகின்றது என்பதையும், அதனால் சில இந்திய மாநிலங்களிலேயே மருந்தின் வலு குறைகின்றது என்பதையும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திக் சுனகரின் குழுவினர் 2019ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு வரும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

பாக்கு நீரிணைக்கு இப்பால் நிலைமை இன்னும் சிக்கலானது. இலங்கையின் கண்ணாடி விரியன் இரத்தம் உறையும் தன்மையைக் குலைப்பதோடு, நரம்பையும் பாதித்து இமைகளைச் சரியச் செய்கின்றது. தென்னிந்தியாவிலும் காணப்படும் இவ்விளைவு வேறு பல இடங்களில் அரிதாகும். இறக்குமதியாகும் மருந்து இரத்தப் பாதிப்பைச் சீர்செய்யப் பயன்பட்டாலும், நரம்புப் பாதிப்பில் அதன் பயன் குறைவு. சிங்களத்தில் 'குணகட்டுவா' எனப்படும் சிறிய விரியன் நாட்டின் ஈரவலயத்தில் மிகப் பலரைக் கடிக்கின்றது. அது மேற்கூறிய நான்கினுள் அடங்காததால் இந்திய மருந்து அதற்குப் பயன்படுவதில்லை. மேலும், குதிரைப் புரதத்தினால் பெருந்தொகையான நோயாளருக்கு ஒவ்வாமை ஏற்படுகின்றது. இலங்கை வைத்தியசாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, சிறிதளவு அட்ரினலினை முன்கூட்டியே ஏற்றினால் கடுமையான ஒவ்வாமை குறையும் என நிறுவியது. நமது மண்ணின் நோயாளரை நமது வைத்தியர்களே ஆராய்ந்ததால் கிடைத்த பயன் இது.

இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே மருந்து தயாரிக்கும் முயற்சியும் நடைபெற்றுள்ளது. கொஸ்டா ரிக்காவின் க்ளோடோமீரோ பிக்காடோ நிறுவகத்துடன் இணைந்து செய்யப்பட்ட அத்தகைய மருந்தின் ஆய்வுகூடச் சோதனை முடிவுகள் 2016ஆம் ஆண்டு வெளியாயின. அம்முயற்சியில் குணகட்டுவாவின் விஷமும் சேர்க்கப்பட்டிருந்தது குறிப்பிடத்தக்கது.

கணினி திறந்துவிட்ட வழி

ஒரு புரதத்தின் அமினோ அமில வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு அதன் வடிவத்தைக் கண்டறிய முடியுமா என்பது அரை நூற்றாண்டுக் காலக் கேள்வியாக இருந்தது. அதற்கு வழிகாட்டியதும் தொடுகையே. ஒன்றையொன்று தொடும் இரு எச்சங்களில் ஒன்று பரிணாமத்தில் மாறினால், மற்றதும் அதற்கு ஈடாக மாறும் போக்கு உண்டு. ஆகவே, பல உயிரினங்களின் ஒரே புரதத்தை ஒப்பிட்டு, சேர்ந்து மாறும் சோடிகளைத் தேடினால் எவை தொடுகின்றன என ஊகிக்கலாம். இந்த அடிப்படையையும் செயற்கை நுண்ணறிவையும் இணைத்த 'ஆல்பாஃபோல்ட்' 2020ஆம் ஆண்டு நடந்த உலகப் போட்டியில் வியக்கத்தக்க துல்லியத்தைக் காட்டியது. 2022ஆம் ஆண்டளவில் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் வடிவ ஊகங்கள் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியவாறு வெளியிடப்பட்டன. இதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோரும், புதிய புரதங்களை வடிவமைத்தமைக்காக மேலே குறிப்பிட்ட டேவிட் பேக்கரும் 2024ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பேக்கரின் குழுவினரும் டென்மார்க் ஆய்வாளரும் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. முவ்விரல் நச்சைச் சரியான இடங்களில் தொட்டு மூடக்கூடிய சிறு புரதங்களை அவர்கள் கணினியில் வடிவமைத்தனர். அவை ஏற்றப்பட்ட எலிகள் கொல்லும் அளவு நச்சையும் தாங்கி உயிர் பிழைத்தன. இவற்றை நுண்ணுயிர்களைக் கொண்டே உற்பத்தி செய்யலாம் என்பதால் குதிரை தேவையில்லை. செலவும் குறையலாம். இருப்பினும் இது எலிகளில் காட்டப்பட்ட முடிவேயாகும். அத்துடன் நாகத்தின் குடும்பத்துக்குரிய நச்சுகளையே அது இலக்காகக் கொண்டது. கண்ணாடி விரியனின் விஷம் முற்றிலும் வேறு வகைப் புரதங்களால் ஆனது. நெல்வயல் விவசாயிக்குப் பெரும் எதிரியான அப்பாம்புக்கு அந்த மருந்து விடையல்ல.

நாம் செய்ய வேண்டியது

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. உலகின் எந்த ஆய்வுகூடத்தில் எத்தகைய கணினி இருந்தாலும், இலங்கைப் பாம்புகளின் விஷப்புரதங்களில் எந்த எச்சம் எங்கே உள்ளது என்ற தரவு இல்லாமல் நமக்குரிய மருந்தை வடிவமைக்க முடியாது. அந்தத் தரவை நமக்காக வேறெவரும் திரட்டித் தரப்போவதில்லை. பேராதனை, ரஜரட்ட பல்கலைக்கழகங்களில் பாம்புக்கடி ஆய்வுக்கு நல்ல அடித்தளம் இடப்பட்டுள்ளது. கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இவ்விடயத்தில் கைகோர்ப்பது அவசியம். புரதக் கட்டமைப்புகளும் அவற்றை ஆராயும் மென்பொருள்களும் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அணுத் தூரங்களை உழைத்துத் தொகுத்த சென்னை மாணவர்களைவிட இன்றைய திருகோணமலை மாணவரிடம் வசதி அதிகம். அவருக்குத் தேவைப்படுவது வழிகாட்டலும் விஷ மாதிரிகளுமே. அவற்றை வழங்குவது அரசின் கடமையாகும்.

அதுவரை உயிரைக் காப்பது காலமே. கட்டுவிரியனின் சில நச்சுகள் நரம்பு முனைகளைச் சிதைத்துவிட்ட பின்னர் எந்த மருந்தும் அதை மீளச் சரிசெய்வதில்லை. நோயாளி நாட்கணக்கில் செயற்கைச் சுவாசத்தில் காத்திருக்க நேரிடும். ஆகவே, நச்சு நரம்பைத் தொடுமுன் மருந்து நச்சைத் தொட வேண்டும். கடித்த இடத்தைக் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கானவை. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமலும் போகலாம். வலியில்லை என்பதற்காக விடியும்வரை காத்திருத்தல் கூடாது. பார்வை பார்ப்பதும் ஓதுவதும் அவரவர் நம்பிக்கை. அதனை வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலேயே செய்துகொள்ளலாம். ஒருகாலத்தில் இவ்வீதியில் துறைக்குத் துறை 'பாதை'க்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலமும் அதனையடுத்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்ட பின்னர் அந்தத் தடை நீங்கிவிட்டது. தாமதத்துக்கு இனி வீதியைக் காரணம் காட்ட இயலாது.

2006ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி முகாமில் பல ஆண்டுகள் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்ததை இப்பகுதி மறந்திருக்காது. தரையில் உறங்குவோரின் பக்கத்தில் இரவில் என்ன ஊர்ந்து செல்லும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்கு செருகிய நுளம்பு வலை, இரவில் கையில் ஒரு ரோர்ச் லைட், வயலில் காலுக்கு ஒரு சப்பாத்து என்பவை எளிய பாதுகாப்புகள். ஆனால் விவசாயியின் எச்சரிக்கையை மட்டும் நம்பி நாடு இருந்துவிடலாகாது. அரிசியை நாட்டுக்கு அளிக்கும் அம்மனிதரைக் கடிக்கும் பாம்புக்கு ஏற்ற மருந்தை அவருக்கு அளிப்பது, நாடு அவருக்குச் செலுத்த வேண்டிய கடனேயன்றிச் சலுகையன்று.